யூதர் என்று நான் எழுதிய இடங்கள்

1

மலர்க்குழுவினருக்கு,

நமது பங்கின் பாஸ்கு நாடகம் மேடையேறி இது ஐம்பதாவது வருடம் என்றும், அதை எழுதியவன் என்ற முறையில் என்னிடமிருந்து ஒரு நினைவுக் கட்டுரை வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டு பக்கம் போதும், பழைய படம் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். படம் அனுப்புகிறேன். இரண்டு பக்கத்துக்குள் நிற்க என்னால் முடியவில்லை. பெருமையாக எதையாவது எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு இப்போது சொல்ல இருப்பது பிழைகள்தான். போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். போட்டால் வெட்டாமல் போடுங்கள்.

எனக்கு எழுபத்தாறு வயது. ரொறன்ரோவின் கிழக்கே அஜின்கோர்ட்டில் ஒன்பதாம் மாடியில் தனியே இருக்கிறேன். மனைவி பிலோமினா போய் நாலு வருடம். காலையில் மருந்துகள், பிறகு பஸ் பிடித்து நூலகம், மத்தியானம் திரும்பி வந்து சோறு. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை. தவக்காலம் வந்தால் ஒத்திகை. யேசுவின் பாடுகளை ஊரில் கோயில் வளவில் கடற்காற்றில் நடித்த நம் ஆட்கள், இங்கே ஸ்காபரோவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடிக்கிறார்கள். சப்பாத்துகளைக் கதவோரம் கழற்றிவிட்டு, ஹீற்றர் இரைச்சலுக்கு மேலாகக் குரல் எடுக்கிறார்கள். உரோமச் சேவகன் ஒருவன் போன வருடம் வேலையிலிருந்து நேரே வந்ததால் பனிக்கோட்டுக்கு மேலேயே தகரக் கவசத்தைக் கட்டிக்கொண்டான். ஆனாலும் பாட்டு அதே பாட்டு, வசனம் அதே வசனம். அந்த வசனத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2

எழுதியபோது எனக்கு இருபத்தாறு வயது. வரலாற்றில் பட்டம் முடித்து, நமது மகாவித்தியாலயத்தில் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க, உரோம வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். பழைய ஏட்டைக் கறையான் தின்றுவிட்டது என்று பங்குச் சுவாமி புதிதாக எழுதச் சொன்னார்.

வேஷம் கேட்டு வந்தவர்கள் ஏராளம். யேசு ஒருவர், சீடர் பன்னிருவர், சேவகர் ஆறு பேர். மிச்சம் இருபது பேரை என்ன செய்வது? யூதர் ஆக்கினேன். தென்னந்தும்புக்குக் கரி பூசித் தாடி கட்டினோம். கறுப்புச் சால்வை கொடுத்தோம். ‘யூதர் கூட்டம்’ என்று ஒரு ஆட்டப் பாட்டு எழுதினேன். துள்ளலான மெட்டு. அந்த வருடம் பெரிய வெள்ளி கழிந்து இரண்டு மாதமாகியும் பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். ஒருவன் விளையாட்டில் களவு செய்தால், கைக்குள் இருந்ததைப் பங்கிடாவிட்டால், ‘யூதன்’ என்று கத்தினார்கள். எழுதியவனுக்கு அதைவிட வேறென்ன சந்தோஷம். எங்கள் ஊரில் ஒரு யூதரைத்தானும் ஒருவரும் கண்டதில்லை.

யேசுவைச் சிலுவைக்குத் தீர்ப்பிட்ட பிலாத்துவின் கதை இன்னும் மோசம். வள்ளமும் வலையும் வைத்திருந்த சவிரிமுத்துச் சம்மாட்டியாருக்கு நல்ல குரல். அவர் யேசுவாக நடிக்க முடியாத அளவுக்குப் பருமன். ஆகவே பிலாத்து. அப்படியொரு குரலை வைத்துக்கொண்டு பாட்டு எழுதாமல் இருக்க முடியுமா? பிலாத்து கை கழுவும் இடத்தில் உருக்கமான ஒரு விருத்தம் எழுதினேன். குற்றமில்லாதவனைக் கொல்லச் சொல்கிறார்களே என்று அந்த உரோம ஆளுநர் அழுதார். ஊரே அழுதது. ஒரு குரலுக்காக ஒரு கொடியவனை நல்லவனாக்கினேன்.

தெரியாமல் செய்யவில்லை. சிலுவை உரோமருடைய தண்டனை என்பதும், பிலாத்து இரக்கமற்றவன் என்பதும், அவன் செய்த கொலைகளுக்காகப் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டவன் என்பதும் காலையில் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த விஷயங்கள். பின்னேரம் மேசையில் இருந்து அதற்கு நேர்மாறாக எழுதினேன். யேசுவின் சாவுக்கு யூத மக்களைக் குற்றம் சொல்லக்கூடாது என்று பொதுச்சங்கம் கூடித் திருச்சபையே அறிவித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதையும் வாசித்திருந்தேன். நாடகத்துக்கு வில்லன் வேண்டும், அது வேறு இது வேறு என்று நினைத்தேன்.

இந்தப் பங்குனியில் பிரதியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ‘யூதர்’ என்ற சொல் நாற்பத்தொரு இடத்தில் வருகிறது. ஒரு இடத்தில்கூட அது யேசுவைக் குறிக்கவில்லை. மாதாவைக் குறிக்கவில்லை. பேதுருவை, யோவானை, ஒருவரையும் குறிக்கவில்லை. நடிகர் பட்டியலில் ‘யேசு, மரியா, சீடர், உரோமர், யூதர்’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. மேடையில் நின்றவர்களில் உரோமரைத் தவிர எல்லோருமே யூதர் என்பது வரலாறு படித்த எனக்குத் தோன்றவில்லை.

3

ஊரை விட்டு நாங்கள் எப்படி வந்தோம் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். கொழும்பில் அடையாள அட்டையில் இருந்த பெயரைப் பார்த்ததும் என்னைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். நான் செய்த எதையும் அவர்கள் கேட்கவில்லை. யார் என்பது போதுமாக இருந்தது. ஒரு பெயரின் கீழ் எல்லோரையும் சேர்த்துக் கட்டினால் எப்படி இருக்கும் என்று அன்று முதுகால் அறிந்துகொண்டேன். அறிந்தும் என் பிரதி ஞாபகம் வரவில்லை.

இங்கே வந்து அகதி விசாரணை. மொழிபெயர்க்க வந்தவர் நல்ல மனுசன், ஆனால் அவசரக்காரர். என் சித்தப்பா செத்துப்போனதை ‘அங்கிள்’ செத்தார் என்றார். பெரியப்பா வீட்டில் ஒளிந்திருந்ததை ‘அங்கிள்’ வீட்டில் என்றார். செத்தவர் வீட்டில் எப்படி ஒளிந்தாய் என்று அதிகாரி கேட்டார். வழக்குக் கிட்டத்தட்ட அங்கேயே முடிந்தது. அன்று என் பக்கத்தில் இருந்த என் மகள் ஜெசிந்தாவுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூட ஆங்கிலத்தில் எழுந்து நின்று இரண்டு அங்கிளையும் பிரித்துக் கொடுத்தவள் அவள்தான். வளர்ந்து அதையே தொழிலாக்கிக்கொண்டாள். இன்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்.

பதினைந்து வருடத்துக்கு முன், ஏரன் என்ற ஒருவரைக் கலியாணம் செய்யப்போகிறேன் என்றாள். ஏரன் யூதர். அவரும் அன்று வந்து வாசல் மண்டபத்தில் பூங்கொத்தோடு நின்றுகொண்டிருந்தார். நான் குசினியில் மகளிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எங்கட ஆண்டவரைக் கொன்றவங்கட வீட்டிலயோ நீ போய் இருக்கப்போறாய்?”

அவள் வெளியே போய் ஏரனிடம் ஏதோ சொன்னாள். இருவரும் போய்விட்டார்கள். கலியாணத்துக்குப் பிலோமினா போனாள். நான் போகவில்லை.

ஜெசிந்தா என்னோடு கோபித்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. நத்தார்ப் பண்டிகைக்கு வந்தாள். பேத்தி நயோமி பிறந்தபோது கொண்டுவந்து காட்டினாள். கதைத்தாள். ஆனால் ஒரு அலுவலகத்துக்கு வந்தவள்போலக் கதைத்தாள். நயோமிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவள் என்ன பதில் சொல்லுவாளோ என்ற பயம்.

பிலோமினா செத்த கிழமை ஏரனின் தகப்பன் ஹெர்ஷல் எங்கள் வீட்டுக்கு வந்தார். மருந்துக்கடை நடத்தி இளைப்பாறியவர், என்னை விட இரண்டு வயது கூட. வந்து எனக்கு எதிரே கதிரையில் இருந்தார். ஒரு மணித்தியாலம் ஒரு சொல் பேசவில்லை. எழுந்து போனார். அடுத்த நாளும் அப்படி. மூன்றாம் நாளும் அப்படி. துக்கம் விசாரிக்க வந்த நம் ஆட்களிடம் நான், “உவருக்கு வாயில்லையோ, இல்லாட்டி எங்களோட கதைக்க விருப்பமில்லையோ” என்று சொன்னேன். துக்க வீட்டில் இழந்தவர் முதலில் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது என்பது அவர்களுடைய முறை என்று பிறகுதான் வாசித்து அறிந்தேன். அவர் மூன்று நாளும் என் வாயைப் பார்த்துக் காத்திருந்திருக்கிறார். அதைவிட மரியாதையாக எனக்கு ஒருவரும் துக்கம் விசாரித்ததில்லை.

4

இந்த வருடம் தை மாதம் நமது இங்கத்தைய பங்கில் ஒரு முடிவு எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு நாடகம் விளங்கவில்லை, அரைவாசியில் போனை எடுத்துவிடுகிறார்கள், ஆகவே மேடைக்குப் பக்கத்தில் ஒரு திரை கட்டி வசனங்களை ஆங்கிலத்தில் காட்டுவது. மொழிபெயர்க்கும் பொறுப்பைச் சுவாமி ஜெசிந்தாவிடம் கொடுத்தார். அவள் ஒப்புக்கொண்டதே எனக்கு ஆச்சரியம்.

மூன்று கிழமை கழித்து அவளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நூலகக் கணினியில் திறந்தேன். வேலைக்கு எழுதுவதுபோல இலக்கமிட்டு ஏழு சந்தேகங்கள். முதல் நாலும் சாதாரணமானவை. ‘குருத்தோலை’க்கு என்ன போடலாம் என்பது போன்றவை. ஐந்தாவது: மூன்றாம் காட்சியில் தலைமைக் குரு கைப்பா, கூட்டத்தைப் பார்த்து ‘யூதரே’ என்று விளிக்கிறார். அவரும் யூதர், கேட்பவர்களும் யூதர், பேசப்படும் யேசுவும் யூதர். யாரை அழைக்கிறார்? ஆறாவது: ஆறாம் காட்சியில் சேவகனின் ‘யூதப் பதர்களே’ என்ற வசனம் நூலாசிரியரின் கருத்தா, பாத்திரத்தின் கருத்தா? அதைப் பொறுத்துச் சொல் மாறும். ஏழாவது: மாதா சிலுவையடியில் நின்று ‘உங்கள் குலம் அழியும்’ என்று யூதரைச் சபிக்கிறார். அது மாதாவின் குலமும் அல்லவா? பிழையாக விளங்கிக்கொண்டேனா என்று உறுதிப்படுத்தவும்.

கீழே ஒரு வரி: நாடகத்துக்கு நயோமியும் ஏரனின் அப்பாவும் வருகிறார்கள். இருவரும் ஆங்கிலம் வாசிப்பார்கள்.

ஒரு கோபச் சொல் இல்லை. கோபித்து எழுதியிருந்தால் எனக்கு வாதாட இடம் கிடைத்திருக்கும். ஐம்பது வருடத்தில் ஒரு குருவானவரும், நாடகம் பழக்கிய ஒரு அண்ணாவியாரும், ஒரு வாசகரும் கேட்காத கேள்வி. என் நாடகத்தை முதல்முறையாக ஒருவர் கவனமாக வாசித்திருக்கிறார், அது என் மகள். பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கையால் கேட்டார்.

5

பதில் எழுதுவதற்கு முன், ஏரனின் தகப்பனோடு கதைக்க முடியுமா, திருத்துவதென்றால் இன்னொரு பிழை விடாமல் திருத்தவேண்டும் என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து என்னை ஏற்றி, நகரத்தின் வடக்கே தோர்ன்ஹில்லில் இருக்கும் ஹெர்ஷல் வீட்டில் இறக்கினாள். தான் கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டாள்.

ஹெர்ஷல் கதவைத் திறந்ததும் முதலில் கேட்டது, முழங்கால் எப்படி என்று. எனக்கு முழங்காலில் ஒரு குறையும் இல்லை. முதுமைக்கு உபசாரமாகக் கேட்கிறார் என்று நினைத்து, பரவாயில்லை என்றேன்.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி இன்னும் மூன்று கிழவர்கள் தடித்த புத்தகங்களை விரித்தபடி இருந்தார்கள். ஞாயிறுதோறும் படிக்கிறார்களாம். ஒரு பக்கத்தில் மூன்று வருடமாகப் படிக்கும் அத்தியாயத்தின் ஒரு வரி. அதைப் பற்றி இரண்டு பழைய ஆசிரியர்கள் முரண்பட்டிருக்கிறார்கள். அந்த முரண்பாட்டைப் பற்றி இவர்கள் முரண்பட்டுக்கொண்டிருந்தார்கள். மேசையில் தட்டிச் சத்தம் போட்டு, உடனே ஒருவருக்கொருவர் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். வாதத்தில் தோற்றவருடைய கருத்தையும் அந்தப் புத்தகத்தில் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று ஹெர்ஷல் காட்டினார். தோற்றவனுக்கு இடம் வைத்திருக்கும் ஒரு புத்தகத்தை நான் அதுவரை கண்டதில்லை.

நான் வந்த காரியத்தைச் சொல்லச் சொன்னார்கள். எனது ஆங்கிலம் படித்த ஆங்கிலம், ஆனால் பதற்றத்தில் குழறும். யூதர் என்ற சொல்லை நாடகத்திலிருந்து எடுப்பதாகச் சொல்ல நினைத்து, யூதர்கள் எல்லோரையும் எடுத்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டேன். நாலு கோப்பையும் நடுவில் நின்றன. ஹெர்ஷல் தாடியைத் தடவிக்கொண்டு, பலர் முயன்று பார்த்தார்கள் என்றார். மற்ற மூவரும் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. பிறகு அவர்களில் ஒல்லியானவர், அப்படி எடுத்தால் உங்கள் மேடையில் யார் மிஞ்சுவார், யேசுவும் போய்விடுவாரே என்றார். பகிடியாகச் சொன்னது. எனக்கு வழி அங்கேதான் கிடைத்தது.

நாடகத்தை என்னவென்று அழைப்பீர்கள் என்று ஹெர்ஷல் கேட்டார். பாஸ்கு என்றேன். அவர் திரும்பக் கேட்டார். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட நாளுக்கு அவர்கள் வைத்த பெயர், கிரேக்கர் வாயிலும் போர்த்துக்கேயர் வாயிலும் உருண்டு வந்து நம் ஊர்க் கோயில் வளவில் பாஸ்கு ஆகியிருக்கிறது. அவர்களை ஏசுவதற்கு நான் எழுதிய நாடகத்தின் பெயரே அவர்களுடைய சொல்.

அதன் பிறகு நாலைந்து ஞாயிறு போனேன். நூலகத்திலும் வாசித்தேன். பாபிலோனியர் அவர்களுடைய ஆலயத்தை இடித்து நாடுகடத்தினார்கள். அரசன் போனான், பலிபீடம் போனது. அத்தோடு முடிந்துபோன எத்தனையோ இனங்களின் பெயரை நானே மாணவருக்குப் பாடமாக்கச் சொல்லியிருக்கிறேன். இவர்கள் முடியவில்லை. திரும்பி வந்து கட்டினார்கள். யேசு இறந்து ஏறக்குறைய நாற்பது வருடத்தில் உரோமர் அதையும் எரித்தார்கள். அப்போதும் சில ஆசிரியர்கள் கடலோரச் சிறு பட்டினம் ஒன்றில் கூடி, ஆலயம் இல்லாமல் எப்படிக் கடவுளுக்கு முன் நிற்பது என்று யோசித்தார்கள். பலிக்குப் பதில் வாசிப்பு, பீடத்துக்குப் பதில் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நான் கண்ட அந்த மேசை அதன் தொடர்ச்சிதான். தலை சாய்க்க ஒரு நாடு இல்லாமல் இவ்வளவு காலம் ஒரு வரியைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்தவர்களை நினைத்தால், நாடிழந்த எனக்கு எழுந்து நிற்கவேண்டும்போல இருக்கிறது.

அந்த எரிந்த நகரத்திலிருந்து வந்த இன்னொரு வீட்டார்தான் நாம். முதல் கிறிஸ்தவர்கள் எல்லோரும் யூதர். ஆலயத்துக்குப் போனார்கள், ஓய்வுநாள் வைத்தார்கள். யேசு மெசியாவா இல்லையா என்பது ஒரு வீட்டுக்குள் நடந்த சண்டை. சூடான சண்டை, கூடப் பிறந்தவர்களின் சண்டை. அதில் விழுந்த சொற்களை, பிறகு வந்து சேர்ந்த வேற்று இனத்தார் பொறுக்கி எடுத்து வெளியில் நின்று சொன்னபோது அவை வேறு சொற்கள் ஆகிவிட்டன. பேரரசும் கிறிஸ்தவமானதும் அவை ஆயுதமாயின. இத்தனைக்கும் பிரிவு நான் நினைத்ததுபோல ஒரு நாளில் நடக்கவில்லை. முன்னூற்றைம்பது வருடம் கழித்தும் அந்தியோக்கியாவில் ஒரு குருவானவர், நீங்கள் ஏன் யூதரின் பண்டிகைக்குப் போகிறீர்கள் என்று தன் சபையைப் பிடித்து ஏசியிருக்கிறார். அவர் ஏசியது எனக்குத் துக்கம். ஆனால் சனங்கள் போயிருக்கிறார்கள் என்பதை வாசித்தபோது நூலகத்தில் தனியே இருந்து சிரித்தேன்.

கடைசி ஞாயிறு ஹெர்ஷல் தன் தாயைப் பற்றிச் சொன்னார். போலந்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பெரிய வெள்ளி அன்று பிள்ளைகளை வெளியே விடமாட்டார்களாம். யன்னல்களைச் சாத்திக்கொண்டு இருப்பார்களாம். கோயிலில் பாடுகளைக் கேட்டுவிட்டு வருகிற சனம் கல்லோடு வரும். பக்தியான சனம், மற்ற நாளில் பால் கொண்டுவந்து கொடுக்கிற அதே ஆட்கள் என்றார். குரலை உயர்த்தாமல், மருந்துச் சீட்டு வாசிப்பதுபோலச் சொன்னார். அந்த ஆட்களுக்கும் யாரோ ஒரு படித்த வாத்தியார் பாட்டு எழுதிக் கொடுத்திருப்பான்.

திரும்பி வரும்போது காரில் ஜெசிந்தாவிடம், ஹெர்ஷல் ஏன் எப்போதும் என் முழங்காலை விசாரிக்கிறார் என்று கேட்டேன். அவள் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியிருந்தாள். பச்சை வந்ததும் காரை எடுத்துக்கொண்டு சொன்னாள்.

“அண்டைக்கு நீங்கள் குசினியில என்ன சொன்னனீங்கள் எண்டு ஏரன் என்னைக் கேட்டவர். அப்பாவுக்கு முழங்கால் நோகுதாம், கலியாணத்துக்கு வர ஏலாதாம் எண்டு சொன்னன். என்ர வேலையில நான் வேணுமெண்டு பிழையா மொழிபெயர்த்தது அது ஒண்டுதான், அப்பா.”

6

பிரதியைத் திருத்தினேன். சொல்லை எடுக்கவில்லை, கூட்டினேன். யேசுவின் வரவுப் பாட்டில், அதாவது அவர் முதலில் மேடைக்கு வரும்போது பாடும் பாட்டில், ‘யூத குலத்து மகன்’ என்று சேர்த்தேன். மாதாவுக்கும் சீடருக்கும் அப்படியே. கூத்தாடிய கூட்டத்தைத் ‘தலைமைக் குருவின் ஆட்கள்’ ஆக்கினேன். சாபத்தை வெட்டினேன். பிலாத்துவின் விருத்தத்தையும் வெட்டினேன்.

பிலாத்துவாக இங்கே இருபத்திரண்டு வருடமாக நடிப்பவர் அல்பிரட் அண்ணை. நாடகத்தைப் பழக்குபவரும் அவரே. ஒத்திகையில் புதிய பிரதியைப் புரட்டினார். தன் பக்கத்தில் நின்றார்.

“மாஸ்டர், பாட்டு எங்க?”

பிலாத்து அழுதவன் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். சவிரிமுத்துச் சம்மாட்டியாருக்காக எழுதியது என்றும் சொன்னேன்.

“உது நீங்கள் எழுதினதெண்டாலும் இப்ப உங்கட சாமான் இல்லை. ஊர்ச் சாமான். சனம் அந்தப் பாட்டுக்குத்தான் வருது. அதுசரி, யூதர் எல்லாரையும் நல்லவராக்கினா எங்கட இருவது பெடியளும் என்ன செய்யிறது? எல்லாரும் சீடரோ? யேசுவுக்கு முப்பத்திரண்டு சீடரெண்டு வேதத்தை மாத்தச் சொல்லுறீங்களோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு என் மகள் யாருடைய வீட்டில் வாழ்கிறாள் என்பதையும், பதினைந்து வருடத்துக்கு முன் நான் சொன்னதையும் அவர்கள் முன்னால் சொன்னேன். சிலுவைப் பாதையில் யேசுவுக்காக அழுதுகொண்டு பெருந்திரளான சனம் பின்னால் போனது, அவர்களும் யூதர்தான், அவர்களை நான் எழுதவே இல்லை என்றேன். அந்த விருத்தத்தின் மெட்டை அப்படியே வைத்து, வழியோரம் நின்று அழும் ஒரு கிழவருக்குப் புதுப் பாட்டு எழுதியிருந்தேன். கடைசித் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

அல்பிரட் அண்ணை வாய்க்குள் பாடிப் பார்த்தார். இரண்டு தரம் பாடினார்.

“இவருக்குப் பேர் என்ன?”

“பேரில்லை. ஒரு யூதக் கிழவர்.”

“கிரீடம் இல்லை, சிம்மாசனமும் இல்லை,” என்றார். “இருவத்திரண்டு வருசம் ராசா மாதிரி இருந்திட்டு இனி ரோட்டில நிண்டு அழவேணும்.” தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திருத்திய பிரதியின் ஒரு படியை இத்துடன் அனுப்புகிறேன். ஊரிலும் இதையே நடிக்கவேண்டும் என்று கேட்கிறேன். பழைய பிரதி என் கையெழுத்தில் இருப்பதால் அதை மறுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நம்புகிறேன்.

7

குருத்து ஞாயிறுக்கு முதல்நாள் பின்னேரம் நாடகம் நடந்தது. ஏரனுக்கு வேலை, வரவில்லை. நயோமி திரையை வாசித்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஹெர்ஷல் மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு வாசித்தார். அல்பிரட் அண்ணை பாடியபோது மண்டபம் பிலாத்துவுக்கு அழுததைவிடக் கூட அழுதது. முடிந்ததும் ஹெர்ஷல் என் கையைப் பிடித்து, இது நல்ல மனத்தோடு எழுதப்பட்ட நாடகம் என்றார்.

அதை நான் எப்படி வாங்கிக்கொள்வது? ஒரு சொல்லைத் திருத்துகிறேன் என்று மட்டுமே அவரிடம் சொல்லியிருந்தேன், பழைய வசனமும் அதற்குப் பின்னால் இருந்த மனமும் திருத்தலோடு மறைந்துவிட்டன. மகள் ஒரு தரம் மறைத்தாள், இப்போது நானே மறைத்துவிட்டேன்.

அடுத்த நாள் ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். அவர்களுடைய விடுதலை நாளான பாஸ்காவுக்கு முன் வீட்டில் ஒரு துளி புளித்த மாவும் இருக்கக்கூடாது என்று அலுமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஏரன் பாண் துண்டுகளையும் மாப்பெட்டிகளையும் கராஜுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். ஹெர்ஷலும் இருந்தார். நயோமி நீச்சலுக்குப் போயிருந்தாள். எல்லோரையும் இருக்கச் சொன்னேன். என் ஆங்கிலத்தை நம்ப முடியாது, ஒரு விஷயம் தமிழில் சொல்லப்போகிறேன், நீ மொழிபெயர், இந்த முறை சரியாக மொழிபெயர் என்று மகளிடம் சொன்னேன்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவர் ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. ‘நான்’ என்றே சொல்லவேண்டும். அவள் நிமிர்ந்து இருந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த முறையிலேயே சொன்னாள். எனக்கு முழங்கால் நோகவில்லை என்றாள். எங்கள் ஆண்டவரைக் கொன்றவர்களின் வீட்டிலா நீ போய் இருக்கப்போகிறாய் என்று நான் என் மகளைக் கேட்டேன் என்றாள். படித்திருந்தும் சொன்னேன் என்றாள். நான் சொன்ன ஒவ்வொன்றும் அவளுடைய வாயிலிருந்து ‘நான்’ என்று வந்தது. அவளை இன்னொரு முறை அதற்குள் இழுத்துவிட்டேன் என்பது பாதியில்தான் விளங்கியது. நிறுத்தப் பார்த்தேன். அவள் தலையை அசைத்து, சொல்லி முடிக்கச் சொன்னாள்.

ஏரன் எழுந்து, மிச்சமிருந்த மாப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனார். ஹெர்ஷலைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் தன்னுடைய பங்கை மட்டும்தான் தன்னால் மன்னிக்க முடியும், அதை மன்னித்தாயிற்று, தன் தாயின் பங்கை மன்னிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, ஏரனின் பங்கை ஏரனிடம் போய்க் கேளுங்கள் என்றார்.

போனேன். ஏரன் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். என் குழறல் ஆங்கிலத்திலேயே கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல், பதினைந்து வருடம் நம்பினேன், இப்போது இரண்டு பேரோடு கோபிக்கவேண்டி இருக்கிறது, கொஞ்சக் காலம் வேண்டும் என்றார். ஓம் என்றேன், தமிழில். வெளியே வரும்போது, புதன்கிழமை ஆறு மணிக்குப் பாஸ்கா விருந்து, அதற்கு வாருங்கள் என்றார். கோபம் போகவில்லை, அதோடேயே கூப்பிட்டார்.

இந்த வருடம் அவர்களுடைய பாஸ்கா பெரிய வியாழனுக்கு முதல்நாள் மாலை தொடங்கியது. நயோமி எழுந்து கேள்விகள் கேட்டாள். பெரியவர்கள் எகிப்திலிருந்து புறப்பட்ட கதையை, நேற்றுத் தாங்களே நடந்து வந்ததுபோல, வாசித்துப் பதில் சொன்னார்கள். புளிக்காத அப்பமும் கசப்புக் கீரையும் எனக்கும் தந்தார்கள். ஜெசிந்தா பக்கத்தில் இருந்து வரிக்கு வரி தமிழில் சொன்னாள். ஒரு இடத்தில் நயோமி குனிந்து, அம்மா இப்போது என்ன சொன்னா என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். சொன்ன தமிழ்ச் சொல்லைத் திருப்பிச் சொன்னேன். அவளும் சொல்லிப் பார்த்தாள்.

சாப்பாடு முடிந்தபின் வாசற்கதவைத் திறந்து வைப்பது அவர்களுடைய வழக்கம். ஒரு தீர்க்கதரிசி வருவார், அவருக்காக என்று சொல்கிறார்கள். வழமையாகப் பிள்ளைதான் திறக்கும். நயோமி எழும்பினாள். ஏரன் அவளை இருக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நீங்கள் போய்த் திறவுங்கள் என்றார்.

போய்த் திறந்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. புல்லில் அழுக்குப் பனி கொஞ்சம் மிஞ்சியிருந்தது. குளிர் உள்ளே வந்தது. எனக்குப் பின்னால் எல்லோரும் எழுந்து நின்று வாசித்தார்கள். எப்போது மூடவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, ஒருவரும் சொல்லவுமில்லை. கைப்பிடியை விடாமல் நின்றேன்.